கேப்டனை அழவைத்த சூரை சாண்ட்விச்

கப்பல் பண்டாரிக்கு, அதாவது சமையல்காரனுக்கு, ஒரு பெரிய வசதி உண்டு: சோறு பிடிக்காதவன் எழுந்து வேறு கடைக்குப் போக முடியாது, சுற்றிலும் கடல். வீட்டில் அந்த வசதி கிடையாது. வாய் திறக்காத நோயாளிக்குச் சமைத்துப் போடும் சகபாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேட்டிருக்கக் கூடாத கேள்வி

என் மனைவி ரெஜினாவுக்கு வயிற்றில் புற்று. ஊசி மருந்து ஏறியதிலிருந்து எதைத் தின்றாலும் மண்ணைத் தின்கிறமாதிரி இருக்கிறது என்பாள். மூன்று வாரமாக அரை டம்ளர் கஞ்சிதான். இரண்டு கிலோவாவது எடை ஏறினால்தான் அடுத்த ஊசி, இல்லையென்றால் வைத்தியத்தை நிறுத்த வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கேப்டனை அழவச்ச சூரை சாண்ட்விச்சுன்னு நாப்பது வருசமாச் சொல்லுதியளே, அதை ஒருதடவை செஞ்சு தாங்களேன்."

கேப்டன் அழுத கதை

அவளிடம் நான் சொன்ன கதையில், மத்தியதரைக் கடலில் ஒரு கிரேக்கக் கேப்டன் என் சாண்ட்விச்சைக் கடித்ததும் செத்துப்போன அம்மாவை நினைத்து அழுவான். கப்பலையே அரைமணி நேரம் நிறுத்திவைப்பான். நடந்தது வேறு. டின்னில் வந்த சூரை மீன் ஏற்கெனவே உப்பில் கிடந்தது. அது தெரியாமல், நம்ம ஊர்ப் பச்சை மீனுக்குப் போடுகிறமாதிரி கைநிறைய உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்துவிட்டேன். அவன் கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். அவன் கடலில் வீசியதை ஒரு பறவை கவ்விக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து தளத்தில் போட்டது, சத்தியம். கூட வேலைபார்த்த தருவைகுளத்துக்காரன் வந்து சொன்னான்:

"ஏலே, இனிமே நீ ரொட்டிப் பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாதுன்னு கேப்டன் சொல்லுதான்."

சாமான்

மீன் விற்கிறவள், "சீக்காளிக்கு யாராவது சூரை வாங்குவாவளா அண்ணாச்சி? பால்சுறா வாங்கிப் புட்டு வச்சுக் குடுங்க" என்றாள். சூரைதான் வேண்டுமென்று நின்று வாங்கினேன். கப்பலில் சாண்ட்விச்சுக்குள் ஒலிவக்காயும் நறுக்கிப் போடுவோம்; அடுத்து மளிகைக் கடையில் அதைக் கேட்டேன். கடைக்காரர் உப்புத் தண்ணீரில் ஊறிய களாக்காயைப் பொட்டலம் கட்டினார்.

"ஒலிவ மலை உங்க வேதத்துலல்லா இருக்கு! பாக்க இதுவும் அப்படித்தான் இருக்கும், கொண்டு போங்க."

முதல் வாய்

சூரையை அவித்து, முள் எடுத்து உதிர்த்தேன். வெங்காயம், தக்காளி, எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய். உப்பு மட்டும் ஒரு கல்கூடப் போடவில்லை. ஒருதடவை பட்டது போதாதா? களாக்காயைத் தாராளமாக நறுக்கிப் போட்டு, ரொட்டிக்குள் அடைத்து, மேலே அம்மிக்குழவியை வைத்து அழுத்தினேன்.

கேப்டன் அழுத நாளிலிருந்து, கப்பலில் முதல் வாயைப் பண்டாரி தின்றுகாட்ட வேண்டும் என்று சட்டம். ரெஜினா அதையும் விடவில்லை. கடித்தேன். களாக்காய் மாசக்கணக்கில் உப்பிலேயே கிடந்தது அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை ஒளிக்கப் பார்த்தேன். பிடுங்கிக் கடித்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். ஆனால் மென்றாள். விழுங்கினாள்.

"இன்னைக்குத்தான் நாக்குல ஒண்ணு தெரியுது. அந்த மனுசன் எதுக்கு அழுதாருன்னும் தெரியுது. கையை எடுங்க, மீதியும் எனக்குத்தான்."

எடை

ஒரு வாரம் தினமும் அதே சாண்ட்விச். ஆஸ்பத்திரி எடை மெஷினில் அவளை ஏற்றிவிட்டு, நான் முள்ளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் சொன்னாள்:

"முந்நூறு கிராம்தான் தாத்தா ஏறியிருக்கு, இந்தத் தடவை ஊசி இல்லை, அடுத்த வாரம் பாப்போம்."

சரக்கேற்ற மாசக்கணக்கில் கிடந்த துறைமுகமெல்லாம் பார்த்தவன் நான்; முந்நூறு முந்நூறு கிராமாக ஏற்றுவதற்கு, முதல் வாயை அழுதுகொண்டே தின்னவேண்டிய துறைமுகம் என் வீட்டு அடுப்படி ஒன்றுதான்.