ஊசிக்கு வைத்த பொட்டு

பயிற்சிக்குத் திருப்பூர் போகிறோம், வழியும் வசதியும் எழுதுங்கள் என்று பாலிடெக்னிக் முடித்த இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த வழி 1974ஆம் வருஷத்தது. பரவாயில்லை என்றால் படியுங்கள்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்த கையோடு, ஒரு பனியன் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. சித்திரை மாதம், காலை ஆறேகாலுக்குக் குண்டடத்தில் பஸ் ஏறினேன். பல்லடத்தில் வேறு பஸ். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து ஒன்றரை ரூபாய்க்கு ஐந்து பைசா குறைவு. எட்டரைக்குத் திருப்பூர்.

என் தகரப் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "ஏனுங்க தம்பி, பனியன் கம்பெனிக்குங்களா?" என்றார்.

"ஆமாங்க, மெஷின் வேலை பழகப் போறனுங்க."

"காதுல பஞ்சு வெச்சுக்கங்க. ஊருக்குத் திரும்பி வந்தாலும் அந்தச் சத்தம் கூடவே வருமுங்க."

நிஜம்தான். இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்காக ஏங்குகிறேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி ஒன்றரை கிலோமீட்டர், நடைதான். என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்தவன் சேவூர் ரங்கசாமி. இருவருக்கும் ஒரே அறை, சோற்றுக்கு ஒரே தூக்குப்போசி. ஆறு மாதம் கழித்து ஒருவனுக்குத்தான் வேலை என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதேயில்லை.

ஆறாவது மாதம் ஆயுத பூஜை வந்தது. எல்லோரும் மெஷினைத் துடைத்து, வெளியே இருக்கிற இரும்புச் சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே வட்டமாக நிற்கும் ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள்தானே நூலைப் பின்னித் துணியாக்குகின்றன? சும்மா நிற்கிற சட்டத்துக்குப் பொட்டு, ஊசிக்கு இல்லையா? யாரும் பார்க்காதபோது ஊசி வரிசையைச் சுற்றிச் சந்தனத்தைக் குழைத்து வைத்தேன், மேலே குங்குமமும். படித்த முட்டாள் என்பது என்னைத்தான்.

மறுநாள் மெஷினை ஓட்டியவன் ரங்கசாமி. வெள்ளைத் துணி சிவப்பும் மஞ்சளுமாக இறங்கியது. முதலாளி ஓடி வந்தார்.

"ஏண்டா, ஊசிலயாடா பூசை போடுவ? பெட்டியத் தூக்கு, ஊடு போய்ச் சேரு!"

ரங்கசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். என் நகக்கண்ணில் குங்குமம் இன்னும் போகவில்லை, அதையும் பார்த்தான். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. இனி வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். அவன் கேட்டில் கை வைத்தபோதுதான் குரல் வந்தது.

"முதலாளி, வெச்சது நானுங்க!"

அப்படியென்றால் நீ கிளம்பு என்றார் அவர். ரங்கசாமி கேட்டிலிருந்தே, "ஊசியப் பூரா கழட்டிக் கழுவோணுமுங்க. ஒத்த ஆளா ஆவாதுங்க, அவனும் இருக்கட்டுங்க" என்றான்.

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊசி ஊசியாகக் கழுவி மாட்டினோம். மூன்றாம் நாள் துணி வெள்ளையாக இறங்கியது. மாதக் கடைசியில் வேலை ரங்கசாமிக்குப் போனது. அதுதான் நியாயம். கறைத் துணியில் இரண்டு பனியன் தைத்து ஆளுக்கொன்று போட்டுக்கொண்டோம். பஸ் ஸ்டாண்ட் வரை வந்து என்னை ஏற்றிவிட்டான்.

சரி, வழி கேட்டவர்களுக்கு. காலை முதல் பஸ்ஸையே பிடியுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். மெஷினிலிருந்து கேட் எத்தனை அடி என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். எங்கள் கம்பெனியில் அறுபது. உங்கள் தப்புக்காக இன்னொருவன் நடக்க ஆரம்பித்தால், முதல் அடியிலேயே சொல்லிவிடுங்கள். நான் அறுபதையும் எண்ணிக்கொண்டு நின்றவன்.