குசினிக்கு ஒரு சிவப்பு பல்ப்

வெறும் எண்ணிக்கையால் நேரம் பார்க்கிறவனை நான் புரோகிராமர் என்று சொல்ல மாட்டேன். ஒன்றிலிருந்து ஐம்பதாயிரம் வரை சும்மா எண்ணு, அதற்குள் ஒரு செக்கன் போய்விடும் என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவான். கொஞ்சம் வேகமான கொம்பியூட்டரில் அதே செக்கன் அரைச் செக்கனாகிவிடும். இப்போதைய பிள்ளைகள் அந்தச் சிரமமும் படுவதில்லை. ‘கொஞ்சம் பொறு’ என்று ஒரு கட்டளை போடுவார்கள். எப்போது திரும்பி வருவது என்பதை ஃபோன் தன் வசதிப்படி முடிவுசெய்யும், கச்சேரிக் கந்தோருக்குப் போன கடிதம் மாதிரி.

என் மனைவிக்கு இரண்டு வருடமாகக் காது கேட்பதில்லை. பொழுது பட்டதும் மஃரிபு தொழுகைக்கு எங்கள் பகுதியில் ஐந்தாறு பள்ளிவாசல்களின் வாங்கு அழைப்பு ஒன்றாக எழும்பும், அவளுக்கு ஒன்றுமே வராது. குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில் நோன்பு துறக்கும் நேரத்தில் ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பாள். “பூன மாதிரி எல்லார்ட மொகத்தையும் பாத்துக்கிட்டு இரிக்கன்” என்று ஒருநாள் சொன்னாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எங்களோடு இருக்கும் மருமகன் வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பனிக்குப் புரோகிராம் எழுதுகிறவர். ஃபோனை மாமி மடியில் வைத்தால் நேரத்துக்கு அதிரும் என்றார். நான் விடவில்லை. அலுமாரி மேலே கிடந்த பழைய கொம்பியூட்டரை இறக்கித் துடைத்து, பிரின்டர் பூட்டும் துளையிலிருந்து வயர் இழுத்து, குசினிச் சுவரில் ஒரு சிவப்பு பல்ப் பூட்டினேன். மஃரிபு ஆனதும் அது எரிய வேண்டும். அவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மருமகனும் ஆசைப்பட்டு ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தார். அந்தக் கொம்பியூட்டரின் நேரச் சிப் செக்கனுக்குப் பதினெட்டுத் தரம் தட்டும் என்று எங்கோ வாசித்திருக்கிறார். பதினெட்டு இல்லை, பதினெட்டும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை விட்டால் மணித்தியாலத்துக்கு நாற்பது செக்கன் முந்தும். “நாப்பது செக்கன் முந்தித் துறந்தா நோம்பு போயிரும் மருமகன்” என்று சொல்லி, சம்பளம் கொடுக்கும் கம்பனிக்கு என் அனுதாபத்தையும் தெரிவித்தேன். மனிசன் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்தத் தட்டலை நம்பவே இல்லை. சிப்பின் உள்ளே போய் அதன் எண்ணிக்கையையே கேட்டேன். அது செக்கனுக்குக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு இலட்சம் தரம் எண்ணும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அளந்து பார்த்தேன், கண் மூடித் திறக்கும் அளவுகூட வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் வீட்டில் வேறு கதை கிடையாது.

ரமழானின் முதல் நாள், தலை நோன்பு வந்தது. பழைய கொம்பியூட்டரின் உள்பற்றரி எப்போதோ செத்துவிட்டதால், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கையால் அடித்துக் கொடுக்க வேண்டும். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, முன் ஹோல் சுவர் மணிக்கூட்டின் செக்கன் முள் பன்னிரண்டில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, விரலை இறக்கினேன்.

சிவப்பு பல்ப் எரிந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. பிஸ்மில்லா சொல்லி ஈத்தம்பழத்தைக் கடித்தாள், தண்ணீர் குடித்தாள். நானும் குடித்தேன். மருமகன் பழத்தைக் கையில் வைத்தபடி ஃபோனைப் பார்த்தார்.

“மாமா, இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கே.”

“அதுக்குத்தான் ஃபோன நம்பாதீங்க எண்டு சொன்னன்.”

“வாங்கும் கேக்கல்லயே.”

“வாங்கு சொல்ற மோதினார் தூங்கிட்டார்” என்று கஞ்சியைக் கிண்டினேன்.

என் கோப்பை பாதி காலியானபோது வாங்கு எழும்பியது, எல்லாப் பள்ளிவாசல்களிலிருந்தும் ஒன்றாக. ஒரு மோதினார் தூங்கலாம். ஊரிலுள்ள அத்தனை பேருமா தூங்குவார்கள்?

“மாமா, ஹோல் மணிக்கூட்டயா பாத்தீங்க?” என்று மருமகன் மெதுவாகக் கேட்டார்.

பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை தப்பக் கூடாது என்று அதை ஐந்து நிமிடம் முந்த வைத்தவன் நான்தான். எங்கள் ஊரில் பல வீட்டு மணிக்கூடுகள் இப்படித்தான் ஓடும், பார்க்கிறவர்கள் தலைக்குள் கழித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு இலட்சம் எண்ணத் தெரிந்த பெரிய மனிசனுக்கு ஐந்தைக் கழிக்கத் தெரியவில்லை.

அவளுக்கு நான்தான் கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். இரண்டு பேருக்கும் அந்த நோன்பு போய்விட்டது, பெருநாளுக்குப் பிறகு வேறொரு நாள் நோற்றுக் கழாச் செய்ய வேண்டும். வாசித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“ஒங்கட மொகத்தப் பாத்துத் துறந்த நோம்பு ஒண்டும் பிழையாப் போகல்ல” என்றாள்.

அடுத்த நாள் குசினி வாசலில் என்னை நிற்க வைத்தாள். “வாங்கு கேட்டா கையத் தூக்குங்க. அதுக்கு மேல ஒண்டும் செய்ய வாணாம்.” மாதம் முடியும்வரை அந்த வேலையைச் செய்தேன்.

பெருநாளுக்குப் பிறகு, கழா நோன்பன்று, நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் துறக்கக் காத்திருந்தோம். வாங்கு கேட்டதும் கையைத் தூக்கினேன். அவள் ஈத்தம்பழத்தைப் பிடித்தபடி என்னைத் தாண்டி ஹோலைப் பார்த்தாள். அங்கே ஃபோனோடு இருந்த மருமகன் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைத்தாள்.