பதக்கத்தில் ஒட்டிய குங்குமம்

தியாகராய நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிற பதக்கப் பட்டறையில் நான் வேலை செய்கிறேன். அச்சில் அடித்து வரும் பித்தளைத் துண்டுகளை மெருகேற்றி வார்னிஷ் பூசுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. மெஷின் சத்தத்தில் யாரும் என்னிடம் பேசமாட்டார்கள் என்பதால்தான் இந்த வேலையே எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

எழுபத்தோராம் வருஷப் போருக்குப் போய்வந்த பழைய சிப்பாய்கள் சிலர் மயிலாப்பூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதக்கம் செய்து விழா எடுக்கலாம் என்று அந்தப் பகுதிச் சங்கம் முடிவு செய்தது. வேலையை மேற்பார்க்க வந்தவரும் அந்தச் சிப்பாய்களில் ஒருவர்தான். முதலில் வரைந்த படத்தில் துப்பாக்கியோடு ஒரு வீரன் நின்றான்.

"துப்பாக்கி வேணாம் நைனா. கையில தண்ணி கேன் குடு. நான் அங்க அதான் தூக்கினு திரிஞ்சேன்" என்றார்.

அப்படியே அச்சு வெட்டினோம். அடிக்கடி வருவார், கிண்டல் செய்துகொண்டே இருப்பார். அடுத்த வாரம் தனக்கு இதய ஆபரேஷன் என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூட வந்திருந்த மனைவி சிரிக்கவில்லை. வாசலில் எவனோ தும்மினான் என்று ஒருமுறை அவரைப் பட்டறைக்குள் விடாமல் திரும்ப வீட்டுக்கே அழைத்துப்போன அம்மா அவர்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது அச்சில் அடித்த முதல் பதக்கத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் குங்குமம் இடுவோம். அது பட்டறைக்குத்தான், வெளியே போகாது. இந்தப் பதக்கத்தை அடித்த அன்று ராகு காலம் நெருங்கிவிட்டது என்று முதலாளி அவசரப்பட்டார். நான் பூசிய வார்னிஷ் காயவே இல்லை. வீரனின் நெற்றியில் வைக்கத்தான் பார்த்தார். பதக்கம் சின்னது, அவருடைய கட்டைவிரல் பெரிது. பொட்டு வீரனின் நெஞ்சில் விழுந்தது.

விழா பெசன்ட் நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பதக்கப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு நான் திரும்பும்போது முதலாளி போன் செய்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஒரு பதக்கத்துல முலாம் பொங்கிப்போச்சு. அதான் சாமிகிட்ட இருந்தத எடுத்து அடிப்பெட்டியில வச்சிருக்கேன். குங்குமத்தத் துடைச்சேன், முழுசாப் போகல. யாரு வே பாக்கப் போறா?"

வார்னிஷில் ஊறிய குங்குமம் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரத்தம் மாதிரியே இருக்கும்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். நான் கொடுத்த அடுக்குக் குலையாமல் பெட்டிகளை நேராக்கிக்கொண்டிருந்த சங்கத்து மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேணும்? ஒண்ணையும் தொடாதீங்கோ. இப்பத்தான் எல்லாம் சரியா வெச்சுண்டிருக்கேன்."

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பெயர் கூப்பிடக் கூப்பிட அடுக்கு இறங்கியது. விழா நடத்துகிறவர் கடைசியில் வாங்குவதுதானே மரியாதை என்று, பட்டறைக்கு வந்துபோன எங்கள் பெரியவர் ஒதுங்கி நின்றார். அடிப்பெட்டி அவருக்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்வரிசையில் அவருடைய மனைவி. நெஞ்சில் கத்தி படப்போகிறவரின் பதக்கத்தில், நெஞ்சிலே சிவப்பு. அந்த அம்மா அதைப் பார்த்தால் ஆபரேஷனுக்கே விடமாட்டார்.

இரண்டு பெட்டிகள்தான் மிச்சம் இருந்தன. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மேடைப் படிக்கட்டில் அவர் காதருகே போய்ச் சொன்னேன். "ஐயா, உங்க பதக்கத்துல குங்குமம் ஒட்டிக்கினு கீது. நெஞ்சுல. அம்மா பாக்காம பாத்துக்கோங்க."

"அட, பாம்பு கீதுன்னு சொல்ல வந்தியோன்னு பாத்தேன்" என்றார். ஆனால் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் கிண்டல் செய்தவரும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தார் என்று அந்தப் பிடியில் தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் பதக்கத்தைச் சட்டையில் குத்தினார். குத்திய உடனே பெரியவர் வலது கையால் அதைப் பொத்திக்கொண்டார். நெஞ்சில் கைவைத்து மரியாதை செய்கிறார் என்று நினைத்துக் கூட்டம் முழுவதும் எழுந்து கைதட்டியது. எனக்கு மூச்சு வந்தது.

கைதட்டலுக்கு நடுவே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க! இன்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

மேடைக்கே ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். கை விலகியது. சிவப்பைப் பார்த்தார்.

"குங்குமம்தாம்மா" என்றார் பெரியவர்.

அந்த அம்மா நம்பவில்லை. படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. "சாமி படத்தாண்ட வெச்சதும்மா. ஈரம் காயல. ஒட்டிக்கிச்சு."

அந்த அம்மா விரல் நுனியால் சிவப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பதக்கத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சாமியாண்ட இருந்து வந்தத இப்போ தொடைக்கக் கூடாது. இவரு நல்லபடியா ஊட்டுக்கு வரட்டும். அப்புறம் நீயே வந்து தொடச்சிக் குடு."

அதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. துடைக்க என்னைக் கூப்பிட வேண்டும், கூப்பிடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ஆபரேஷன் நாள் போனது, அதன் பிறகும் நாட்கள் போயின. போய் விசாரிக்க எனக்குத் துணிவு இல்லை. போன் அடித்தால் மெஷினை நிறுத்துவேன். வேறு யாராவதாக இருப்பார்கள்.

ஒரு நாள் காலை அந்த அம்மாவே கூப்பிட்டார். "கொஞ்சம் ஊட்டாண்ட வந்துட்டுப் போப்பா" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. எதற்கு என்று கேட்க வாய் வருவதற்குள் போனை வைத்துவிட்டார்.

வார்னிஷைக் கரைக்கிற தின்னர் பாட்டிலையும் பஞ்சையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மயிலாப்பூரில் அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போது தலையைக் குனிந்துகொண்டேன். தெருவில் பந்தல் நிற்கிறதா என்று பார்க்கத் தைரியம் இல்லை. வீட்டு வாசலில் நின்று தரையை மட்டும் பார்த்தேன். அங்கே செருப்புக் கூட்டம் இல்லை. ஒரு ஆண் செருப்பும் ஒரு பெண் செருப்பும்தான் கிடந்தன.

அப்போதும் நம்பாமல் நின்றேன். உள்ளிருந்து தேய்ந்துபோன குரல் ஒன்று மெதுவாகக் கேட்டது.

"யாரு, நைனாவா? பஞ்சு எடுத்துக்கினு வந்தியா?"