சாணார்பட்டிக் களத்தில் ஓரியன்

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, மாலை நான்கரை மணி. நாகல் நகரிலிருந்து ஆட்டோ கிளம்பியது. பின்சீட்டில் நான், என் ஊன்றுகோல்கள், தொலைநோக்கிப் பெட்டி. அதை நிறுத்தும் முக்காலி, டிரைவர் ஆரோக்கியத்தின் காலருகே கிடந்தது. சாணார்பட்டிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட எழுநூறு ரூபாய் பேசியிருந்தோம்.

எங்கள் வானியல் நண்பர்கள் அன்று கொடைக்கானல் போயிருந்தார்கள். "பாறை மேல ஏறணும் மேடம், உங்களுக்குச் சிரமம். படத்தை அனுப்பி வைக்கிறோம்" என்றார்கள். ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தைச் சமவெளியிலிருந்து படம் எடுத்தால் தேறாது, தூசியும் வெளிச்சமும் கெடுத்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். தேறுகிறதா இல்லையா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்றுதான் கிளம்பினேன்.

கல்லூரித் தோழி மல்லிகாவின் செவ்வந்தித் தோட்டம் சாணார்பட்டிக்குச் சற்று உள்ளே இருக்கிறது. வரப்போரம் ஆட்டோ நின்றதும் ஆரோக்கியம் கை நீட்டினார்.

"அக்கா, தூக்கி விடவா?"

"பெட்டியத் தூக்குங்க. நான் நடந்து வாரேன்."

இருட்டியதும் வேலை தொடங்கியது. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியும் கூடவே திரும்பினால்தான் நட்சத்திரம் புள்ளியாகப் பதியும், இல்லாவிட்டால் கோடாக இழுபடும். அதற்குக் கருவியின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்க வேண்டும். வழக்கமாக அச்சிலுள்ள சிறு குழாய் வழியே துருவ நட்சத்திரத்தைத் தேடுவார்கள். நம் பக்கத்தில் அது அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். என்னால் மண்டியிட முடியாது. போதாததற்கு வடக்கே தென்னந்தோப்பு வேறு.

ஆனால் தொலைநோக்கியின் கேமராவோடு இணைத்த லேப்டாப்புக்குத் தோப்பு தடையில்லை. கருவியைத் திருப்பித் திருப்பி மூன்று இடங்களில் படம் எடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொன்னேன், ஆரோக்கியம் அச்சின் திருகாணியைத் திருகினார்.

"இம்புட்டுப் போதுமாக்கா?"

"இன்னும் லேசா. நிறுத்துங்க!"

பிழை ஏறக்குறைய இல்லை என்று திரை காட்டியது. முதல் படம் எடுத்தேன். நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக வந்தது. மறுபடி அளந்தால் பழைய பிழை திரும்பியிருந்தது. இன்னொரு முறை திருகினோம், அதுவும் நிற்கவில்லை.

"விடுடி, இன்னொரு நா பாத்துக்கலாம். வெஞ்சனம் ஆறிப்போகுது, சாப்பிட வா" என்றாள் மல்லிகா.

"படம் எடுக்காம நான் வர மாட்டேன்" என்றேன். கோபம் அவள் மேல் இல்லை. ஆனாலும் சுருக்கென்றுதான் வந்தது.

திரையை நன்றாகப் பார்க்க ஊன்றுகோலை ஊன்றி எழுந்தேன். முனை மண்ணில் இறங்கியது. காலையில் தண்ணீர் பாய்ச்சிய நிலம். என் கோல் இறங்கினால் முக்காலியின் காலும் இறங்கும்தானே!

"சிமெண்டுக் களம் எங்கடி இருக்கு?"

"கிணத்துப் பக்கம். இம்புட்டையும் கழட்டி மாட்டணுமா?"

"மாட்டுவோம்."

எல்லாவற்றையும் களத்துக்கு மாற்றி முதலிலிருந்து தொடங்கினோம். மூன்று படங்கள், திருகு, மறுபடி அளவு. இம்முறை பிழை திரும்பவில்லை. ஓரியனுக்குப் போ என்று லேப்டாப்பில் தட்டினேன். தொலைநோக்கி முனகிக்கொண்டே தலைக்கு மேல் திரும்பி நின்றது. படம் பதியும் ஒரு நிமிடமும் மூன்று பேரும் அசையவில்லை. பிறகு திரையில் இளஞ்சிவப்பாக, சிறகு விரித்ததுபோல் அந்த வாயு மேகம் வந்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள் சுத்தமான புள்ளிகள்.

"இதுவா நம்ம தலைக்கு மேல நின்னுச்சு?" என்று மல்லிகா திரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினேன்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது மல்லிகாவின் கணவர் வாசலில் நின்றார். "அடுத்த தடவ வெளிச்சம் இருக்கையிலயே வந்துட்டுப் போயிருங்கம்மா. இருட்டுல, தனியா, இந்தக் காலோட எதுக்கு?"

"நட்சத்திரம் இருட்டுலதாண்ணே வருது. நானும் அப்பத்தான் வருவேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆட்டோ நத்தம் சாலையில் ஏறியது.