காய்ச்சலுக்காகக் காத்திருக்காத ஸ்டெல்லா அக்கா

கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கும்போது அருள் அண்ணனின் போன் வந்தது. "ஸ்டெல்லா போயிட்டா குமாரு. காத்தால ஆறு மணிக்கு" என்றார். நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி பஸ் கிளம்பிப் போனது.

நம் இரும்புக் கம்பி ஆலையின் ஸ்டோரில் வேலை பார்த்த ஸ்டெல்லா அக்காவை, இந்த ஆலை இதழைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பத்து வருடங்களுக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தபோது, கணவர் அருள் அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். உடல் அதை ஒதுக்கிவிடாமலிருக்க அக்கா தினமும் சாப்பிட்ட மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்தன. நமக்கு மூன்று நாள் சளியாகப் போகிற வைரஸ், அவருக்கு நுரையீரலில் இறங்கி நிமோனியாவாகிவிடும். இதை அவர் ஒளித்ததே இல்லை. ஒருமுறை தும்மிக்கொண்டே ஸ்டோருக்குள் வந்த மேனேஜரிடம், "சார், அங்கயே நின்னு சொல்லுங்க. எனக்குக் காது நல்லா கேக்கும்" என்றார். மேனேஜர் சிரித்துவிட்டு வாசலிலேயே நின்று சொன்னார்.

நான் அப்படி இல்லை. மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுவதை, நான் வேலை பார்க்கும் கம்பி உருட்டும் ரோலிங் பிரிவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலைக்கு ஆகாதவன் என்று நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். போன மழைக்காலத்தில் நான்கு நாளாக வறட்டு இருமல். பேரிங் வாங்க ஸ்டோர் படியேறியதும் மூச்சு வாங்கியது.

"இன்னா குமாரு, நாலு படிக்கே இப்படி இளைக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. காய்ச்சல்கூட இல்ல."

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "மூஞ்சி உப்பிக்கினு கீது. ஸ்டீராய்டு சாப்புடுறியா? அது காய்ச்சல காட்டாது. காய்ச்சல் வரட்டும்னு காத்துக்கினு இருந்தா நாம அவ்ளோதான்."

தன் பையிலிருந்த சின்னக் கருவியை என் விரலில் மாட்டினார். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் எண்பத்தெட்டுதான் காட்டியது. ஆலை ஆம்புலன்ஸில் என்னோடு அவரும் ஏறப் பார்த்தார். அவருக்கும் ஒட்டிவிடும் என்று நான் தடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் என் மாத்திரைகளின் பெயரைக் கேட்டு எழுதி, "டாக்டராண்ட மொதல்ல இத்தக் குடு. அப்புறம் இருமு" என்றார். இரண்டு நுரையீரலிலும் வைரஸ் நிமோனியா. பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்து வந்தேன்.

இந்த முறை அவருக்கே வந்தது. இருமல் தொடங்கிய அன்றே மருத்துவமனைக்குப் போனார். வென்டிலேட்டர் வைப்பதற்கு முன் பேக்கிங் பிரிவு மேகலாவுக்குப் போன் செய்தார். சளியோடு ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்ததால் தன்னால்தான் என்று மேகலா அழுதுகொண்டிருந்தாள். "நீ குடுத்தியா, ரயில்ல வேற யாராச்சும் குடுத்தாங்களான்னு யாருக்குத் தெரியும்? அழுவாத. போயி நாஷ்டா துன்னு" என்றாராம்.

அடக்கம் முடிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "சரியான நேரத்துக்குப் போயும் இன்னா பிரயோஜனம்ணே?" என்று அருள் அண்ணனிடம் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி இப்படிப் போயித்தான் பொழச்சி வந்தா குமாரு. அவ ஜாக்கிரதையா இருந்ததாலதான் எனக்குப் பத்து வருஷம் கெடச்சா. இந்த வாட்டி முடியல" என்றார். நான் அதை அப்படிக் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

வெட்கப்படாமல் நோயைச் சொல்லும் துணிச்சல். அதைத்தான் அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டேன். ஆலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் எழுந்து, நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எல்லோர் முன்னும் சொன்னேன். என்னை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கூட்டம் கலைந்ததும் கிரேன் ஓட்டும் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நானும் கேன்சருக்கு மருந்து ஏத்திக்கினு கீறேன்பா. ஊட்டுல தவிர யாருக்கும் தெரியாது. ரெண்டு நாளா இருமல்."

நான் அங்கேயே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.