பள்ளிவாசல் திரையும் ஸுஹைறா ராத்தாவும்

"மோதினார் காக்கா, பச்ச வெளிச்சம் சிமிட்டுதா, இல்ல முழிச்சுக்கிட்டே இரிக்கா?"

பள்ளிவாசலுக்கு எதிரே, மருந்துக்கடை நிழலில் நிறுத்திய ஸ்கூட்டியில் சாய்ந்தபடி தொலைபேசியில் கேட்பவர் ஸுஹைறா ராத்தா. கண் மட்டும் வாசலுக்கு மேலே தொங்கும் திரையில் இருக்கும். உள்ளே காரியாலய மேசைமேல் ஏறி நின்று பதில் சொல்பவர் மோதினார் அப்துல் ஸமட். பாங்கு சொல்ல வந்த மனிதர், இப்போது வயர் பூட்டவும் கழற்றவும் பழகிவிட்டார். ஆண்கள் வந்துபோகும் இடத்தில் தான் ஏணியில் ஏறுவது சரிவராது என்று ராத்தா ஆரம்பத்திலேயே முடிவெடுத்துவிட்டார். எந்தப் பள்ளியிலும் அவருடைய கைகள் அங்குள்ள மோதினாருடைய கைகள்தான்.

"சிமிட்டுது புள்ள."

"அப்ப உயிர் இரிக்கி. மெல்லமா இறங்குங்க. நீங்க விழுந்தா உங்களயும் நான்தானே திரையில போடணும்."

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மூன்று பள்ளிகளிலும் சில கடைகளிலும் அவருடைய திரைகள் ஓடுகின்றன. தொலைக்காட்சியின் முதுகில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கணினி. அது தொழுகை நேரம், சாரி விலைக்கழிவு, இறந்தவர்களின் ஜனாஸா அறிவித்தல் என்று ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கணினிக்கு அவர் உறை வாங்குவதில்லை. நோன்பு காலத்துப் பேரீச்சம்பழ டப்பாவில் சூடேற்றிய ஊசியால் துளை போட்டு உள்ளே வைத்துவிடுவார். கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சப் பக்கத்தில் வறுத்த அரிசி ஒரு முடிச்சு. "மாவடிப்பள்ளி அரிசிதான் வேணும். மத்தது இவருக்கு ஒத்துக்காது." கணினி எப்போதும் 'இவர்'. வேலை கொடுக்கும் முதலாளிகள்தான் 'அவன்'.

அந்த முதலாளிகளில் ஒருவர் அக்கரைப்பற்றில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சிரித்து யாரும் கண்டதில்லை. அவருடைய திரையில் தினமும் பிற்பகல் நான்கு மணிக்கு, இரண்டே இரண்டு செக்கனுக்கு, "முதலாளி இண்டைக்குச் சிரிச்சார்" என்று ஒரு படம் வரும்படி ராத்தா செய்துவைத்தார். முதலாளி அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் எடுத்தது. அதற்குள் நான்கு மணிக்குக் கடை வாசலில் கூட்டம் சேரப் பழகியிருந்தது. எடுக்கச் சொல்லித் தொலைபேசியில் கத்தியவர், மறுநாள் அவரே மறுபடி அழைத்து, "கிடக்கட்டும்" என்றாராம்.

எங்கள் பள்ளியில் நடந்தது குறும்பல்ல, பிழை.

எங்கள் வாப்பா அப்துல் ஹமீட் மௌத்தான அன்று, ராத்தாவின் திரையில்தான் ஊர் அதைப் பார்த்தது. பெயர், உறவுகள், "ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸருக்குப் பின்." பதினொரு நாள் கழித்து ஒரு மின்வெட்டில் கணினியின் நினைவட்டை பழுதானது. கைவசமிருந்த மாற்று அட்டையை மோதினாரைக் கொண்டு போடவைத்துவிட்டு ராத்தா மருதமுனைக்குப் போய்விட்டார். அந்த மாற்று அட்டை வாப்பா மௌத்தான அன்று எடுத்த பிரதி. இந்தச் சின்னக் கணினிக்குச் சொந்தக் கடிகாரம் இல்லை. இணையம் இருந்தால் கேட்டுக்கொள்ளும், இல்லாவிட்டால் அட்டையில் கடைசியாக எழுதியிருந்த திகதியையே இன்று என்று நம்பும். அன்று டேட்டா முடிந்திருந்தது. ஒவ்வொரு படத்தையும் அதனதன் திகதியில் காட்டும் அந்த அப்பாவி, வாப்பாவை மறுபடியும் மௌத்தாக்கிவிட்டது.

நாங்கள் அன்றைக்கே அடக்கம் செய்கிறவர்கள். அறிவித்தலைக் கண்டால் யாரும் நின்று விசாரிப்பதில்லை, புறப்படுவார்கள். நண்பகல் லுஹருக்கு முன்பே வீட்டு வாசலில் இருபது பேர். மையவாடியில் இரண்டு பேர் மண்வெட்டியோடு குழிக்கு இடம் பார்த்துவிட்டார்கள். சாகாமத்தில் இரண்டு கிழமையாக வயல் வாடியில் கிடந்த வாப்பாவின் கூட்டாளி செல்லத்தம்பி, பஸ்ஸிலிருந்து திரையைக் கண்டு குதித்து ஓடிவந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "பதினொரு நாளா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

கணவரை இழந்து, வெளியே போகாமல் இத்தாவில் இருந்த உம்மா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "திரும்பவும் மௌத்தாகிட்டாராமா? எந்த வேலய ஒரு தரத்துல முடிச்சவரு அவரு?"

அன்று மாலை ராத்தா வந்து உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். உம்மாதான் கதைத்தார். "அவருட பேரு வடிவா இருந்திச்சாம் புள்ள. எனக்குத்தான் பாக்கக் கிடைக்கல்ல, ரெண்டு தரமும்."

பள்ளி நிர்வாகம் அப்படி இலேசில் விடவில்லை. தலைவர் ஆதம்பாவா ஹாஜியார் திரையைக் கழற்றச் சொன்னார். இந்தப் பள்ளி கழற்றினால் மற்றப் பள்ளிகளும் கழற்றும், கடைகளும் கழற்றும் என்று ராத்தாவுக்குத் தெரியும். ஒரு தவணை கேட்டார். வட்டப் பற்றரியோடு ஒரு சின்னக் கடிகாரத்தை வாங்கிக் கணினியில் பூட்டினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் ஹாஜியாரே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.

"நல்லாப் பாக்கணும் எண்டா இணையத்தையும் வெட்டுங்க. அட்டையில போன கிழமத் திகதிய எழுதியிரிக்கன். அந்தத் திகதிக்கு ஒரு மௌத்தும் போட்டு வெச்சிரிக்கன். கடிகாரம் பிழைச்சா அதுதான் வரும்."

"ஆர்ர மௌத்து?" என்றார் ஹாஜியார்.

"ஒருத்தரும் பேர் தரமாட்டீங்கதானே. என்டதுதான்."

வீட்டுச் சார்பில் போயிருந்த எனக்கு மருந்துக்கடை நிழலில் தன் தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். ஸுஹைறா, றமீஸ் அவர்களின் மனைவி, நிப்லாவின் தாய். "எழுத்து போதுமா, இன்னும் கொஞ்சம் பெருப்பிக்கவா?"

ஹாஜியார் இணையத்தையும் வெட்டிவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினார். திரை இருண்டது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஜும்ஆ முடிந்த கூட்டம் தலையை நிமிர்த்தி நின்றது. ராத்தாவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. தொழுகை நேரம் வந்தது, அன்றைய திகதியோடு. ஹாஜியார் நம்பாமல் இரண்டாம் தரம் இறக்கினார். மூன்றாம் தரமும் இறக்கினார். மூன்று தரமும் அன்றைய வெள்ளிக்கிழமைதான்.

"சரி, கிடக்கட்டும்" என்றார் ஹாஜியார். வீதியைத் தாண்டி வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படத்த மட்டும் அழிச்சிடு மகள். மனசுக்கு ஒரு மாதிரி இரிக்கி."

"ஓம் ஹாஜியார்."

அவர் போனபின் ராத்தா தொலைபேசியில் தன் மௌத்துப் படத்தைத் திறந்தார். அழிக்கும் குறிக்கு மேலே விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, காட்ட வேண்டிய நாள் என்ற கட்டத்துக்குள் இருந்த இலக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக அழித்து, கட்டத்தை வெறுமையாக விட்டு, சேமித்து மூடினார்.