கண்ணாடிக்கு வெளியே இருந்த வேடன்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவரை வேடன் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சட்டையில் குத்திய அட்டையில் இருந்தது. அதைப் படிக்கும் அளவுக்கு யாரும் கிட்டே வரவில்லை.

காரணம் அவர் காவல் பார்த்த கூடத்திலேயே இருந்தது. ஆதி மனிதர் கூடத்தின் நடுவே, ஓர் அறை அளவு கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு வேடன் முழங்காலை மடித்து ஈட்டியை ஓங்கியபடி இருந்தான். எதிரே பாடம் செய்த மான். வேடனுக்கு வைத்திருந்த முகம் இவருடையது. இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொம்மை செய்ய வந்த சிற்பி இவரை நடையில் மறித்து, "இந்த மூக்கை எங்கேய்யா ஒளிச்சு வச்சிருந்தே? வா, உக்காரு" என்றார். இவரும் பெருமையாகத்தான் உட்கார்ந்தார். சிற்பி பெரிய கைகாரர் என்று சொல்லிவிட முடியாது. காது சிறுத்துப்போனது, கைகள் இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை. மூக்கு மட்டும் அச்சாக வந்துவிட்டது. அதுவே போதுமானதாக இருந்தது.

வந்தவர்கள் பெட்டியை ஒருமுறை, நாற்காலியில் இருந்தவரை ஒருமுறை பார்த்துச் சிரித்தார்கள். அன்றைய அருங்காட்சியகத் தலைவருக்கு அது பிடித்துப்போக, இவரை அந்தக் கூடத்தைவிட்டு மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு தலைவர்கள் மாறினார்கள். அந்த வாய்மொழி உத்தரவு மாறவில்லை. வெளியே இருந்தவருக்குத் தலை நரைத்தது. பிள்ளைகள் முதலில் பொம்மைக்கு அண்ணனா என்று கேட்டார்கள், பிறகு அப்பாவா என்று. இப்போது தாத்தா.

அந்த இடமே அப்படிப்பட்டது. யாரோ ஒரு வைத்தியர் வீட்டு அலமாரியில் சேர்த்த சங்குகளும் எலும்புகளுமாகத் தொடங்கி, நாணயம், கற்சிலை, திமிங்கில எலும்புக்கூடு என்று வளர்ந்து, கட்டடம் கட்டடமாகப் பரவிய இடம். எண் போட்டு உள்ளே வைத்த எதுவும் வெளியே போனதில்லை. பாதுகாப்பது என்றால் அங்கே மாறவிடாமல் வைத்திருப்பது. மனிதனையும் அப்படிப் பாதுகாக்கலாமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர் கேட்டதெல்லாம் நாணயக் கூடம். அங்கே எல்லோரும் பெட்டிமேல் கவிழ்ந்து கிடப்பார்கள். காவலாளிக்கு முகம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டார்கள்.

"உங்க கூடப்பொறந்தவர் சௌக்கியமா?" என்பாள் மனைவி, அவர் செருப்பைக் கழற்றும்போதே. "பேசாம அவரையே கட்டியிருக்கலாம். சாப்பாட்டுல குறை சொல்லமாட்டார்."

"உனக்குச் சிரிப்பா இருக்கு. ரிட்டையர் ஆகிறவரைக்கும் அவன் மூஞ்சிலதான் முழிக்கணுமா நான்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "புதுசா வந்த மேடம் காது குடுத்துக் கேப்பாங்கன்னு சொன்னீங்கல்ல? போய்க் கேளுங்களேன். வாயில்லாதவன் அவன்தானே, நீங்க இல்லையே."

கேட்டார். புதிய தலைவி கூடத்தையே மாற்றும் யோசனையில் இருந்தார்.

"அந்தப் பொம்மையே தப்பு. ஆதி மனுஷங்க அப்படி இருந்தாங்கங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. ஆனா, ஒரு காலத்துல நாம இப்படித்தான் நினைச்சோம்னு காட்ட, அதை வாசல்லயே வைக்கலாம்னு பாக்கறேன். பக்கத்துல உங்க கதையும் எழுதி வைக்கலாம்."

"வேண்டாம் மேடம்."

"முகம் உங்களுது. நீங்க வேண்டாம்னா குடோனுக்குப் போயிடும். அப்புறம் யாரும் பாக்கமாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் மேடம் நரைச்சுப்போச்சு. எனக்கு நாணயக் கூடம் போதும்."

இரண்டுமே நடந்தன. பொம்மையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனபோது, டிக்கெட் கொடுப்பவர், "வேடா, மான் பொழைச்சுதுப்பா!" என்று கத்தினார். அந்த ஆளின் பகடிக்கு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

நாணயக் கூடத்தில் அவர் நினைத்தபடியே குனிந்த தலைகள். கொஞ்ச நாள், தான் இருப்பதே தெரியாமல் இருக்கும் சுகத்தை அனுபவித்தார். பிறகு ஒரு மதியம் ஒருவர் மகளைக் கையில் பிடித்தபடி நேராக அவரிடம் வந்தார்.

"ஐயா, அந்த வேடன் நீங்கதானே? சின்ன வயசுல பாத்தது. பொண்ணுக்குக் காட்டலாம்னு வந்தா பெட்டி காலியா கெடக்கு. வேடன் நாணயக் கூடத்துல இருக்கார்னு டிக்கெட் குடுக்கறவர் சொன்னார்."

"அது குடோன்ல இருக்குங்க."

"அதனால என்ன, அதான் நீங்க இருக்கீங்களே! கொஞ்சம் ஈட்டி பிடிக்கிற மாதிரி நில்லுங்க, பாக்கட்டும்."

"முடியாதுங்க."

சத்தம் கேட்டுத் தலைகள் நிமிர்ந்தன. இத்தனை வருடமும் வந்த பார்வையில் பாதியை உள்ளே இருந்தவன் வாங்கிக்கொண்டிருந்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இனி முழுவதும் இவருக்கே. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அப்பா, முகம் தெரியல," என்றாள் சிறுமி.

"இரும்மா, அந்தப் பக்கமா போய்ப் பாக்கலாம்."

நாணயப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு இருவரும் அவர் முகத்தின் பக்கம் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும்.